சோகமில்லா ஆரணி

ஆரணியில் சோகத்தை ஒழிக்கும் வேலை தொடங்கியபோது ஜெயச்சந்திரனைப் போல மகிழ்ந்தவன் ஊரில் வேறு யாருமில்லை. ஒழிக்கவேண்டிய சரக்கு அவன் வீட்டிலேயே நிறைய இருந்தது.

ஆரணியை ஒட்டிய சேவூரில் வீடு. சொந்தமாக ஒரு வேன். முகூர்த்தம் வந்தால் கல்யாணக் கூட்டத்தையும், மற்ற நாட்களில் பட்டுச்சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவான். மனைவி ரேணுகாதேவி தெருவிலுள்ள தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் தெருமுனை டீக்கடையில் கேட்கும். போன மழைக்காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் தூக்கம் போனது. காரணம் என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் காரணத்தைத்தான் கேட்டார்கள். காரணம் எதுவுமில்லை என்றதும் ரேணுகாவைக் கொஞ்சம் கோபமாகப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஆப்பிளைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் அவன் சவாரி முடித்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவளைக் காணோம். தேடிப்போனபோது ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, கோயிலுக்கு வந்தவள்போல ஜோடியாக ஓரத்தில் வைத்திருந்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இன்னா பண்ணிகினு கீற ரேணு?"

"தெரியல" என்றாள்.

கையைப் பிடித்ததும் எழுந்து வந்தாள். அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து சவாரியில் இருக்கும்போது போன் அடித்தால் ஜெயச்சந்திரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது. "சோகமில்லா ஆரணி! அகமலர்ச்சி இயக்கத்தின் மாபெரும் முயற்சி! மனம் விட்டுப் பேச வாருங்கள்! மனநல மருத்துவர் உண்டு! ரகசியம் காக்கப்படும்!" என்று அது தெருத்தெருவாகக் கத்திக்கொண்டே போனது. மறுநாள் காலையிலேயே அவன் கிளம்பிவிட்டான்.

அகமலர்ச்சி மையம் முன்பு உரக்கிடங்காக இருந்த கட்டடத்தில் இருந்தது. சுவரெல்லாம் மஞ்சள் வண்ணம் அடித்து, சிரிக்கும் சூரியகாந்திப் பூ ஒன்றை ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். பூவுக்குப் பற்கள் இருந்தன. உள்ளே வரிசையாக நாற்காலிகள், ஒன்றிலும் ஆள் இல்லை. உட்கார்ந்த அடையாளம்கூட இல்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் எழிலரசன் எழுந்து நின்று வரவேற்றார். நெற்றியில் சுருக்கமே விழாத மனிதர்.

"வாங்க வாங்க. என்ன விஷயம்?"

"சம்சாரத்துக்கு மனசு சரியில்ல சார். ரொம்ப நாளா பேச்சே இல்ல. சாப்பாடு எறங்கல. அன்னிக்கு ஏரிக்கர வரைக்கும் போய்ட்டா."

எழிலரசன் சிரிப்பு மாறாமல் நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். மனசு வுட்டுப் பேசலாம்னு ஆட்டோல சொன்னாங்களே, அதான்..."

"அது அழைப்பு. நீங்க வந்துட்டீங்க. அழைப்பு வெற்றி. இதுக்கு மேல பேசினா அந்த வெற்றி கெட்டுப்போகும்."

ஜெயச்சந்திரனுக்குப் புரியவில்லை. "டாக்டர் இருக்காங்கன்னு சொன்னாங்களே சார்?"

"இருக்காங்களே! டாக்டர் அபிதகுசாம்பாள். ரொம்பத் திறமைசாலி. நமக்கும் வந்தவாசி மையத்துக்கும் சேர்த்து அவங்க ஒருத்தர்தான்."

"எப்ப சார் பாக்கலாம்?"

"எதுக்குப் பார்க்கணும்?" எழிலரசன் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "நல்லா யோசிங்க. ஒரு போலீஸ் ஸ்டேஷன்ல வருஷம் பூரா ஒரு கேஸ்கூட வரலைன்னா அந்த ஊரை என்னன்னு சொல்வீங்க? நல்ல ஊருன்னு சொல்வீங்க. அந்த நல்ல பேரு எப்படி வந்துச்சு? ஸ்டேஷன் கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க, அதனால வந்துச்சு. இங்கயும் அதேதான். டாக்டர் ஒருத்தரைப் பார்த்துட்டா அந்த நிமிஷமே அவர் நோயாளி ஆகிடுவார். இந்த மையம் திறந்ததிலிருந்து டாக்டர் ஒரு ஆளைக்கூடப் பார்க்க நாங்க விடலை. அதனால ஆரணியில ஒரு ஆளுக்கும் மனசுல குறை இல்லை. இந்த மாநிலத்துலயே இப்படி ஒரு சாதனை கிடையாது."

"ஆனா என் சம்சாரம்..."

"உங்க சம்சாரத்தால ஒரு ஊரோட சாதனை கெடணுமா?"

இதைக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. சட்டென்று துடைத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, "கையைத் தட்டுங்க" என்றார். ஜெயச்சந்திரன் தட்டினான். "ஹா ஹா ஹான்னு சொல்லுங்க." சொன்னான். "பாருங்க, எவ்வளவு லேசாகிடுச்சு! வியாழக்கிழமை தலைமை இயக்குநர் நேர்ல வந்து ஆய்வு பண்றார். அதுவரைக்கும் அம்மாவை வாசப்பக்கம் நிக்க வைக்காதீங்க. ஆமா, வீடு எங்க?"

ஜெயச்சந்திரன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். எழிலரசன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். வெளியே வந்து வேனை எடுக்கும்போதுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாளே அவர்கள் வந்தார்கள். மஞ்சள் மேல்சட்டை போட்ட இளைஞர்கள், இரண்டிரண்டு பேராக. மலர்ச்சித் தூதர்கள் என்று பெயர். வீடு வீடாக நின்று, "இன்னிக்கு சிரிச்சீங்களா?" என்று கேட்டார்கள். சிரித்துக் காட்டிய வீட்டுக் கதவில் பல்லுள்ள சூரியகாந்தியை ஒட்டினார்கள். ஜெயச்சந்திரன் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ரேணுகா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தபா சிரிங்க அக்கா" என்றான் ஒருவன், குழந்தையைப் போட்டோவுக்கு நிறுத்துகிற குரலில்.

அவள் திரும்பவில்லை. அவர்கள் வற்புறுத்தவும் இல்லை. எதையும் ஒட்டாமல் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாக் கதவிலும் பூ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் கதவு மட்டும் வெறுங்கதவு. அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பதை நிறுத்தினார்கள். பட்டுக்கடை முதலாளி ஒருவர் சவாரிக்குக் கூப்பிட்டிருந்தவர், "வேற வண்டி சொல்லிட்டோம்பா, தப்பா நெனைக்காத" என்று போனில் சொன்னார். சொல்லிவிட்டு எந்தக் காரணமும் இல்லாமல் சத்தமாகச் சிரித்தார். அவர் பக்கத்தில் யாரோ நின்றுகொண்டு இருந்திருக்க வேண்டும்.

தெருமுனையில் எந்நேரமும் இரண்டு மஞ்சள் சட்டைகள் நின்றன. ஒன்றும் செய்யவில்லை. சிரித்த முகமாக நின்றன, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் பக்கத்து வீட்டு வேலு செத்துப்போனார். நெசவுக்காரர். நெஞ்சுவலி. தண்ணீர் கேட்டார், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் மனைவி கன்னியம்மா போட்ட முதல் அலறலில் தெரு விழித்தது. இரண்டாவது அலறல் வரவில்லை. ஜெயச்சந்திரன் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாசலில் எழிலரசன் மாலையோடு நின்றிருந்தார். அவர் எப்படி அதற்குள் வந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மாலையைப் போட்டார். கும்பிட்டார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார்.

"இந்தத் துயரத்துல... மன்னிக்கணும், இந்த நிகழ்வுல இயக்கம் குடும்பத்தோட துணை நிக்குது. எங்களைப் பத்தித் தவறா நினைக்கக் கூடாது. அழுகைக்கு இங்க தடை கிடையாது. அழுகை மனுஷனோட உரிமை. நாங்க கேக்கறது ஒத்திவைப்பு மட்டும்தான். பரீட்சை நேரத்துல கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறோம் இல்லையா? வியாழக்கிழமை ஆய்வு. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து யார் வேணும்னாலும் எவ்வளவு வேணும்னாலும் அழலாம். இயக்கமே பந்தல் போட்டுத் தரும்."

கன்னியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் இவரு இருப்பாரா சார்?"

"உடல் இருக்காது. ஆனா நினைவு எங்கம்மா போகப்போகுது?" என்றார் எழிலரசன்.

பறை வாசிக்க வந்தவர்களைத் தெருமுனையிலேயே மஞ்சள் சட்டைகள் மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்பின. வீட்டுக்குள் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காவது விம்மல் கிளம்பினால் பக்கத்திலிருப்பவள் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு சாவுவீட்டை ஜெயச்சந்திரன் பார்த்ததில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது அவன் வீட்டுக் கதவு திறந்தது. எத்தனையோ நாளாக வாசல்படி தாண்டாத ரேணுகா நடந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் உள்ளே போய், கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சத்தமே இல்லை. கண்ணிலிருந்து மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்ற மஞ்சள் சட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் எழிலரசன் ஜெயச்சந்திரன் வீட்டுக்கே வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"உங்க வேன் வியாழக்கிழமைக்கு வேணும். ஒரு சின்ன சுற்றுலா, போளூர்ப் பக்கம் சமணக் கோயில் இருக்கே, அந்தத் திருமலைக்கு. இயக்கமே ஏற்பாடு. கொஞ்சம் பேருக்கு ஒரு மாறுதல் தேவைப்படுது."

"யாருக்கு சார்?"

"அதை அன்னிக்குப் பார்ப்பீங்க. நீங்க உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கலாம். கூட்டிக்கணும். நான் போன் பண்ற வரைக்கும் ஊர்ப்பக்கம் வர வேணாம்."

"வரலன்னா சார்? அதாவது... நாங்க போகலன்னா?"

எழிலரசன் சிரித்தபடியே பூ இல்லாத கதவைத் தடவிப் பார்த்தார். "நல்ல மரம்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போனார்.

வியாழக்கிழமை காலையில் மையத்தின் பின்வாசலில் வேனை நிறுத்தச் சொன்னார்கள். ஜன்னல்களில் மஞ்சள் துணி கட்டினார்கள். ரேணுகா ஏற்கனவே உள்ளே இருந்தாள், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கன்னியம்மா வந்தாள், சாவுவீட்டுச் சேலையோடு. வேணுகோபால் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் போன் பண்ணுவதை நிறுத்திய பிறகு அடிக்கடி வாசலில் நின்று ரோட்டையே பார்ப்பாராம், அதுதான் குற்றம். பரீட்சைக்குப் படித்துப் படித்து ஒருநாள் எழுத்தெல்லாம் கலங்கிப்போன கலையரசி என்ற பெண்ணை அவள் அப்பாவே கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். கடைசியாக ஏறியவர் பட்டுக்கடை விற்பனையாளர் முத்துவேல். முகம் நிறையச் சிரிப்பு.

"உங்களுக்கு இன்னா சார், நல்லாத்தானே கீறீங்க?" என்றான் ஜெயச்சந்திரன்.

"இது எறங்க மாட்டேங்குதுப்பா" என்றார் முத்துவேல், அதே சிரிப்போடு. "காலையில கடை தொறந்தா ராத்திரி வரைக்கும் சிரிக்கணும். இப்ப தூங்கும்போதும் இப்படியே நிக்குது. எங்க அம்மா செத்ததுக்கும் இப்படித்தான் நின்னேன். சொந்தக்காரங்க அடிக்க வந்துட்டாங்க."

வேன் கிளம்பியது. போளூர் சாலையில் ஊர் எல்லையில் மஞ்சள் துணியால் பெரிய வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். வழியில் பார்த்த முகங்களெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், பூக்கடையில், எல்லா இடத்திலும். யாரும் எதற்கும் சிரிக்கவில்லை, சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேன் கடந்ததும் கண்ணாடியில் பார்த்தான். அப்போதும் சிரிப்பு அப்படியே இருந்தது.  வண்டியை ஜல்தியாக விட்டான்.

திருமலை அடிவாரத்தில் ஏற்கனவே ஒரு வேன் நின்றிருந்தது. அதிலும் ஜன்னல்களில் மஞ்சள் துணி. வந்தவாசி வண்டி. அங்கேயும் இன்றைக்குத்தான் ஆய்வாம். இறங்கி நின்ற இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தன. யாரும் யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

வந்தவாசிக் கூட்டத்திலிருந்து காட்டன் சேலை கட்டிய ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஜெயச்சந்திரன் வண்டியின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, "ஆரணியா? நான்தான் உங்க டாக்டர்" என்றார். "அபிதகுசாம்பாள்."

ஜெயச்சந்திரன் வந்தவாசி வேனைத் திரும்பிப் பார்த்தான். "டாக்டரம்மா... நீங்க எப்படி இந்த வண்டில?"

"என்னையும் ஒளிச்சு வைக்கணும் இல்லைங்களா?" என்றார் அவர். சிரித்தார், அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "ஆய்வு நேரத்துல மையத்துல டாக்டர் இருந்தா, நோயாளி இருக்காங்கன்னு அர்த்தம் ஆகிடுமாம். வேலையில சேர்ந்து இத்தனை மாசத்துல நான் பார்த்த முதல் நோயாளிங்க இந்த ரெண்டு வண்டியிலதான் இருக்கீங்க."

அவர் ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு பாறை நிழலுக்குப் போனார். கொஞ்ச தூரம் தள்ளி ஜெயச்சந்திரன் நின்றான். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. முதலில் டாக்டர் மட்டும் பேசினார். பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரேணுகாவின் உதடு அசைவது தெரிந்தது. அசைந்துகொண்டே இருந்தது. ஜெயச்சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேன் டயரை உதைத்துப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது.

கன்னியம்மா படிக்கட்டில் ஏறிக் குகைப்பக்கம் போனாள். பாறையில் நெடிய உயரத்துக்குச் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிறார். அந்தக் காலடியில் போய் நின்றுகொண்டு, இரண்டு நாளாக அடக்கி வைத்ததை அவிழ்த்துவிட்டாள். மலையெங்கும் கேட்டது. "என்ன வுட்டுட்டு எங்கய்யா போன, தண்ணி கேட்டுகினு இருந்தியே, கொண்டாரதுக்குள்ள போய்ட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வந்தவாசிப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் யாரென்றே தெரியாமல், கூடவே அழுதார்கள். வாத்தியார் அழுதார். கலையரசி அழுதாள். முத்துவேலும் சிரித்த முகத்தோடு அழுதார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்த காவலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்களோடு படியில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் திரும்பி வந்து ஜெயச்சந்திரனிடம் சொன்னார்.

"இது நோய்ங்க. சளி, காய்ச்சல் மாதிரி இதுவும் நோய்தான். மாத்திரை இருக்கு, குணமாகும். நாளாகும், ஆனா குணமாகும். காரணம் கேட்டுத் தொல்லை பண்ணாதீங்க. தனியா விடாதீங்க. வாராவாரம் நான் பார்க்கணும்."

"எங்க டாக்டரம்மா வரணும்?"

 அவர் தன் போன் நம்பரைக் கொடுத்தார்.

வெயில் சாயும்போது எழிலரசன் கூப்பிட்டார். குரல் கூத்தாடியது. "ஜெயிச்சுட்டோம் ஜெயச்சந்திரன்! பூஜ்யம்! சுத்தமான பூஜ்யம்! வாங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. தலைமை இயக்குநர் எல்லையிலேயே நின்னு வரவேற்கிறார்."

மஞ்சள் வளைவின் அடியில் மேடை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மலர்ச்சித் தூதர்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமை இயக்குநர் ஒல்லியான மனிதர். மைக் இருந்தும் மிக மெதுவாகப் பேசினார். கேட்பதற்கு எல்லாரும் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"சோகம் என்பது ஒழுங்கின்மை" என்றார். "சுற்றுலா சென்ற நம் சகோதர சகோதரிகள் திரும்பியிருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவராக இந்த வளைவின் வழியே ஊருக்குள் வரட்டும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். சோகமில்லா ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அவ்வளவு எளிமையானது நம் இயக்கம்."

முதலில் முத்துவேல் போனார். "எப்படி இருக்கீங்க?" என்றார் இயக்குநர். "நல்லா இருக்கேன்" என்றார் முத்துவேல். அவர் முகத்தைப் பார்த்து இயக்குநர் நெகிழ்ந்துபோய்ப் பொன்னாடை போர்த்தினார். வாத்தியார் நல்லா இருக்கேன் என்றார். கலையரசி நல்லா இருக்கேன் என்றாள். கன்னியம்மாவுக்கு அழுது தொண்டை கட்டியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கழுத்தில் மஞ்சள் மாலை விழுந்தது.

ரேணுகா போய் நின்றாள். ஜெயச்சந்திரன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எப்படி இருக்கீங்க?"

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். கைதட்டல் தாளம் தப்பியது. "இருக்கேன்" என்றாள்.

இயக்குநர் எழிலரசனைத் திரும்பிப் பார்த்தார். எழிலரசனின் நெற்றியில் வியர்வை. "இருக்காங்க சார்" என்றார் அவர் அவசரமாக. "இருக்காங்கன்னாலே நல்லா இருக்காங்கன்னுதான் எங்க ஊர் வழக்கம்." இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வழிவிட்டார். ரேணுகா வளைவைத் தாண்டி உள்ளே நின்றாள்.

எல்லாம் முடிந்தது. ஜெயச்சந்திரன் வண்டியை எடுத்தான். இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார். பெருந்தன்மையாக டிரைவர் பக்கம் வந்து ஜன்னலில் கையூன்றினார்.

"டிரைவர் தம்பி. நீங்க எப்படி இருக்கீங்க?"

சாதாரணக் கேள்வி. பதிலும் எல்லாருக்கும் தெரிந்த பதில். ஜெயச்சந்திரன் சொல்வதற்கு வாயைத் திறந்தான். ரேணுகா படுத்த நாளிலிருந்து அவனைப் பார்த்த எல்லாரும் அவளைப் பற்றிக் கேட்டார்கள். அவளுக்கு என்ன, ஏன், எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "நல்..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.  ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். ஹாரன் அழுந்தி நீளமாகக் கத்தியது. அவன் அதைவிடச் சத்தமாக அழுதான்.

கைதட்டல் நின்றது. இயக்குநர் ஜன்னலிலிருந்து கையை எடுத்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"பூஜ்யம் அறிவித்துவிட்டேனே" என்றார் மெதுவாக.

எழிலரசன் ஓடிவந்தார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஜெயச்சந்திரன், வண்டியைத் திருப்புங்க. கொஞ்ச நாளைக்கு ஊருக்குள்ள வராதீங்க."

"வூடு இங்கதானே சார் கீது?"

"வீடு இங்கதான் இருக்கும். அது எங்கயும் போகாது. நீங்க திருப்புங்க."

மஞ்சள் சட்டைகள் வேனைச் சுற்றி நின்றன. ஒருவரும் கை வைக்கவில்லை. சிரித்துக்கொண்டு நெருங்கி நெருங்கி நின்றன. வண்டி தானாகப் பின்னால் போகவேண்டியதாயிற்று.

வளைவுக்கு உள்ளே ஒரு சலசலப்பு. "உள்ள வந்தவங்க வெளிய போகக் கூடாதுக்கா, கணக்கு கெட்டுப்போகும்" என்று ஒருவன் சொல்வது கேட்டது. அவன் கையைத் தள்ளிவிட்டு ரேணுகா நடந்து வந்தாள். பின்னால் கன்னியம்மா ஓரடி எடுத்து வைத்தாள். இரண்டு பேர் அவள் மாலையைச் சரிசெய்வதுபோல் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ரேணுகா முன்பக்கக் கதவைத் திறந்து அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

அவன் எடுத்தான். பின்னால் வெடி வெடித்தது. கண்ணாடியில் பார்த்தபோது மஞ்சள் வளைவுக்கு அடியில் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவின் கையைப் பிடித்து யாரோ தட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. எழிலரசன். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. இயக்குநருக்கு நம்ம முறை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த மாசம் எல்லா ஊர்லயும் இதே மாதிரி செய்யப்போறாங்க. நிறைய வேன் வேணும். உங்க பேரைச் சொல்லியிருக்கேன்" என்றார். ஜெயச்சந்திரன் போனைத் துண்டித்தான்.

எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ரேணுகாதான் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். போன் இரண்டு தடவை அடித்ததும் அவர் எடுத்தார். பின்னால் அதே கைதட்டல் தூரத்தில் கேட்டது.

"நான் வந்தவாசிக்கு வெளிய, ரோட்டோரத்துல நிக்கிறேங்க" என்றார் டாக்டர். "உள்ள போகும்போது எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. வாய் தவறி உண்மையைச் சொல்லிட்டேன்."

"அங்கயே இருங்க டாக்டரம்மா. வந்துகினே இருக்கோம்."

வண்டியை வந்தவாசிக்குப் போகும் சேத்துப்பட்டு சாலையில் திருப்பினான். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் ரேணுகா.

"ரோட்டுலதான் நிக்கிறாங்களாம். அவங்களையும் ஊருக்குள்ள வுடலயாம்."

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"அப்ப நல்ல டாக்டருதான்" என்றாள்.